வாத்தியார் பட்டினி கிடந்த கதை

எம்.ஜி.ஆர். சோறில்லாமல் இருந்தவர் என்று முதல்முதலாகக் கேள்விப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் ஓட்டலுக்குள் போய் வளைத்துக் கட்டிவிட்டுக் காசு கொடுக்காமல் நழுவுகிறாரே, அவர்தான் என் எம்.ஜி.ஆர். ஒற்றைக் கம்பைச் சுழற்றிப் பத்துப் பேரைச் சாய்க்கிற ஆளுக்கு யார் சோறு போடாமல் இருக்க முடியும்? விகடனில் அவரே எழுதியிருக்கிறார் என்றபோது, யாரோ அவர் பேரில் பொய் எழுதுகிறார்கள் என்று சண்டை போட்டேன். அப்போது நான் நாலாம் வகுப்பு.

எங்கள் ஊர் தா.பழூர் அன்றைக்குத் திருச்சி மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா. பெரம்பலூர், அரியலூர் என்று மாவட்டங்கள் பிரிந்ததெல்லாம் பின்னால் வந்த கதை. வடக்கே போனால் செம்மண் காடு, முந்திரி, கடலைக்கொல்லை. தெற்கே பொன்னாற்று வாய்க்காலில் நெல். அதற்கும் தெற்கே கொள்ளிடம். ஜெயங்கொண்டம் எங்களுக்கு ஆபீஸ் வேலைக்குப் போகிற ஊர். ஜவுளி எடுக்க, நகை அடகு வைக்க, பெரிய டாக்டரைப் பார்க்க, நல்ல தியேட்டரில் படம் பார்க்க எல்லாவற்றுக்கும் கும்பகோணம். பஸ் என்றால் அணைக்கரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். கோடையில் மதனத்தூரில் ஆற்றில் இறங்கி, சுடுகிற மணலில் நடந்து, நடுவில் ஓடுகிற முழங்கால் தண்ணீரில் காலை நனைத்து, நீலத்தநல்லூரில் கரையேறிவிடலாம். இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. காரில் போகிற பிள்ளைகளுக்கு ஆறு எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்றே தெரிவதில்லை.

தியேட்டருக்குப் போக முடியாத நாட்களுக்குக் கீற்றுக் கொட்டகை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் சாமி பாட்டு தொடங்கினால் அடுப்பில் உலை கொதிக்கிற வீட்டிலும் பரபரப்பு வந்துவிடும். தரை டிக்கெட்டுக்கு மணலைக் குவித்து மேடாக்கிக்கொள்வோம். பின்னால் உட்கார்ந்தவன் அந்த மேட்டைக் காலால் நைசாகக் கலைப்பான். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் விளக்கைப் போடுவார்கள். முறுக்கும் சோடா கலரும் அந்த இடைவெளிகளில்தான் விற்றாக வேண்டும். என் அப்பாயிக்கு அந்த வெளிச்சம் பிடிக்காது. வில்லன் நம்பியார் பின்னாலிருந்து வாளோடு வருகிற நேரத்தில் ரீல் தீர்ந்துவிட்டால், "அவன் குத்திப்புட்டானா என்னான்னு தெரியலையே" என்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருப்பாள். ஓடத் தொடங்கியதும், "ராசா, பின்னால பாரு!" என்று திரையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். எம்.ஜி.ஆர். சரியாக அந்த நேரத்தில் திரும்புவார். அப்பாயி பக்கத்திலிருக்கிறவளை ஒரு பார்வை பார்ப்பாள்.

நம்பியார் நிஜத்தில் மாமிசம் தொடாதவர், மாலை போட்டுக்கொண்டு வருஷம் தவறாமல் சபரிமலைக்கு ஆட்களை அழைத்துப் போகிற குருசாமி என்று பிற்பாடு யாரோ அவளிடம் சொன்னார்கள். "பண்ண பாவத்துக்குப் போவாம இருக்க முடியுமா" என்று முடித்துவிட்டாள்.

நினைவின் அடியில் கிடக்கிற இன்னொன்று, 1967 தேர்தல் போஸ்டர். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். அந்த ஜனவரி 12ஆம் தேதி ராமாவரம் தோட்டத்தில் நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார் எம்.ஜி.ஆர். எனக்கு அதெல்லாம் புரிகிற வயதில்லை. எங்கள் தெருச் சுவரில் ஒட்டியிருந்த அந்தப் படத்துக்கு முன்னால் பெண்கள் நின்று மூக்கைச் சிந்தியது மட்டும் தெரியும். 'காவல்காரன்' வந்தபோது குரல் மாறியிருந்தது. வார்த்தைகள் தொண்டையில் உரசி வந்தன. என் சித்தப்பா, அவர் சிவாஜி கட்சி, "வசனமே புரியலையே, இனி எப்படிப் படம் ஓடும்" என்றார். ஓடியது. குரல் கெட்டுப்போனவரை ஜனம் இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டது.

70களின் தொடக்கத்தில் ஆனந்த விகடனில் எம்.ஜி.ஆர். 'நான் ஏன் பிறந்தேன்?' என்று தொடர் எழுதினார். எங்கள் தெருவில் விகடன் வாங்குகிற வீடு ஒன்றுதான், ஒரு வாத்தியார் வீடு. பள்ளிக்கூட வாத்தியார். அவர் படித்து, அவர் மனைவி படித்து, மோர் வாங்க வரும் ஆள் கையில் எங்கள் திண்ணைக்கு வந்து சேரும்போது புத்தகம் கொஞ்சம் துவண்டிருக்கும். எழுத்துக் கூட்டாமல் படிக்கிற பையன் என்பதால் உரக்கப் படிக்கிற வேலை எனக்கு. அப்பாயி வெற்றிலை இடிப்பதை நிறுத்திக்கொள்வாள். பக்கத்து வீட்டு அத்தை முறத்தோடு வந்து உட்கார்ந்து கல் பொறுக்குவாள். சித்தப்பா கயிற்றுக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு, கேட்காதது போல் கேட்பார்.

கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் 1917இல் பிறந்தது, நினைவு தெரியும் முன்பே தகப்பனை இழந்தது, தாய் சத்தியபாமா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தது வரைக்கும் அப்பாயி பொதுவாக 'உச்' கொட்டிக்கொண்டிருந்தாள். கண்டி அவளுக்குக் கதையில் வருகிற ஊர். அவர்கள் வந்து சேர்ந்த ஊர் கும்பகோணம் என்று படித்தேன். அப்பாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எந்தக் கும்மோணம்?"

"நம்ம கும்பகோணம்தான் அப்பாயி. ஆனையடிப் பள்ளிக்கூடத்துல படிச்சாராம்."

"ஆத்துக்கு அந்தாண்டயா? அங்கயா புள்ள சோறு இல்லாம கெடந்துச்சு?"

எங்கள் பக்கத்து மனிதர்களுக்கு இது உண்டு. தெரிந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தால்தான் கதை உண்மையாகும். இரண்டு தலைமுறை ரேடியோவில் கேட்ட தென்கச்சி கோ. சுவாமிநாதன் எங்கள் பக்கத்துத் தென்கச்சிப்பெருமாள்நத்தத்துக்காரர். 'இன்று ஒரு தகவல்' ஊரெல்லாம் ஓடிய காலத்தில், அவர் சொன்ன தகவலைவிட அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதைத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பேசினார்கள்.

அன்றிலிருந்து அப்பாயிக்கு ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. அவள் வாக்கப்பட்டு வந்த புதிதில் மகாமகத்துக்குக் கூட்டிப் போனார்கள். அது 1921. குளத்தங்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது ஒரு சிவத்த பிள்ளை எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்ததாம். மாமியார் பக்கத்தில் இருந்ததால் இவள் கொடுக்கவில்லை. எம்.ஜி.ஆருக்கு அப்போது நாலு வயது. மகாமகக் கூட்டத்தில் சோற்றைப் பார்த்து நின்ற சிவத்த பிள்ளைகளைக் கணக்கெடுத்தால் ஒரு பள்ளிக்கூடம் நிறைந்துவிடும் என்று சித்தப்பா கேலி செய்தார். அவள் காதில் வாங்கவில்லை. "நெறமா இருந்துச்சுடா, கண்ணு பளிச்சுன்னு" என்று வாரம் ஒரு அடையாளம் சேர்த்துக்கொண்டே போனாள்.

வீட்டு வேலை செய்து பிள்ளைகளை வளர்த்த தாய் சத்தியபாமாவுக்குத் தாங்கவில்லை. மூத்தவர் சக்ரபாணியையும் இளையவரையும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு சரி. கம்பெனியில் வேளைக்குச் சோறு கிடைக்கும் என்பதுதான் முக்கியம், கலை பிறகு. நான் படித்து நிறுத்திய இடத்தில் அத்தை முறத்தைக் கீழே வைத்தது நினைவிருக்கிறது. அவள் மகனையும் அந்த வருஷம்தான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடையில், சாப்பாடு போட்டு வைத்துக்கொள்ளும்படி விட்டு வந்திருந்தாள்.

பாய்ஸ் கம்பெனி என்பது இன்றைக்கு யாருக்கும் விளங்க வைக்க முடியாத ஏற்பாடு. பத்து வயதுக்குள் இருக்கும் பையன்களைச் சேர்த்து, பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச்சண்டை கற்றுக்கொடுத்து, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, ராஜா முதல் தோழி வரை எல்லா வேஷத்தையும் அவர்களைக் கொண்டே ஆடவைப்பார்கள். எம்.ஜி.ஆரும் பெண் வேஷம் கட்டியவர். நல்ல குரல் உள்ள பையனுக்கு மவுசு. குரல் உடைகிற வயது வந்தால் அவன் பாடு திண்டாட்டம். அந்தக் கம்பெனியில் பி.யு. சின்னப்பா பாடிப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாட்டு அந்த அளவுக்கு இல்லை. உடம்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அந்தச் சிலம்பமும் வாள்வீச்சும் தோளும் எங்கிருந்து வந்தன என்பது திண்ணையில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது பிடிபடவில்லை.

எனக்கு ஆத்திரமூட்டிய பகுதி அதற்கப்புறம் வந்தது. நான் எதிர்பார்த்தது, சினிமாவுக்குப் போனார், கதாநாயகனானார் என்பது. அவரோ 1936இல் 'சதிலீலாவதி'யில் ஒரு போலீஸ்காரராக வந்துவிட்டு, அடுத்து சின்ன வேஷம், அதற்கடுத்தும் சின்ன வேஷம் என்று போய்க்கொண்டிருக்கிறார். டைரக்டர் டங்கன் எடுத்த அதே படத்தில்தான் என்.எஸ். கிருஷ்ணனும் டி.எஸ். பாலையாவும் அறிமுகம். அவர்கள் இருவரும் சட்டென்று பேர் வாங்கிவிட்டார்கள். இவர் கதாநாயகனாக ஒப்பந்தமான 'சாயா' பாதியில் நின்றுபோயிற்று. 1947இல் 'ராஜகுமாரி' வரும் வரை பதினோரு வருஷம். பாகவதரின் 'அசோக்குமார்' போன்ற படங்களில் ஓரமாக நின்ற வருஷங்கள் அவை. முதல் மனைவி, தங்கமணி என்று அழைக்கப்பட்ட பார்கவி, இளம் வயதிலேயே இறந்துபோனதும் அந்தக் காலத்தில்தான். "எப்பதாண்டா இவரு சண்ட போடுவாரு?" என்று நானே படிப்பதை நிறுத்திக் கேட்டேன். கயிற்றுக் கட்டிலிலிருந்து சித்தப்பா குரல் வந்தது: "எங்காளு மொதப் படத்துலயே ஹீரோடா. பராசக்தி. அம்பத்தி ரெண்டு தீவாளி." அது உண்மை என்பதால் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வளர்ந்த பிறகு, கண்ணதாசன் பதிப்பகம் இரண்டு தடிமனான பாகங்களாகப் போட்டதை வாங்கி முழுதும் படித்தேன். நல்ல எடிட்டர் கையில் கிடைத்திருந்தால் பாதியாகியிருக்கும். ஒரு சம்பவத்தைத் தொடங்குவார், நடுவில் நிறுத்தி ஒழுக்கம், தாய்மை, நன்றி என்று நாலு பக்கம் உபதேசம் செய்வார், பிறகு சம்பவத்துக்குத் திரும்பும்போது நமக்கு அது மறந்திருக்கும். தன்னைக் கெட்டவனாக ஒரு கணம்கூடக் காட்டிக்கொள்ள மாட்டார். கோபப்பட்டிருந்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும். தவறினால் அதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கும். வெள்ளைத் தொப்பியைக் கழற்றாமலே எழுதிய சுயசரிதை. வாழ்க்கை முழுதையும் சொல்லி முடிக்கவும் இல்லை. ஆனால் பசியைப் பற்றி எழுதும் இடங்களில் மட்டும் அந்தப் பொத்திப் பொத்திப் பேசும் பழக்கம் விட்டுப்போய்விடுகிறது. அங்கே உபதேசம் இல்லை, வாக்கியம்கூடச் சின்னதாகிவிடுகிறது. அந்தப் பக்கங்கள் வரும்போது மட்டும் அப்பாயி ஏன் என்னை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள் என்று புத்தகமாகப் படித்தபோதுதான் விளங்கியது.

அந்தத் தலைமுறை நடிகர்கள் சொன்ன கதைகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரு தட்டைச் சுற்றித்தான் நடக்கிறது. எழுத்தாளர் விந்தனிடம் எம்.ஆர். ராதா சொன்ன நினைவுகள் 'சிறைச்சாலைச் சிந்தனைகள்' என்று புத்தகமாக வந்தன. அதில் உபதேசமும் கிடையாது, ஒளிவுமறைவும் கிடையாது. ஒரு மீன்துண்டுக்காகத் தாயிடம் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு ஓடிய பையன், நாடகக் கம்பெனியில் போய் விழுந்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். அதை நான் அப்பாயிக்குச் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மீனு குடுக்கலேன்னா ஆத்தாளக் கேக்கணும். என் ராசாவ எதுக்குச் சுடணும்?" ராதாவை அவள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். தனிக்கட்சி தொடங்கினார். எங்கள் தெரு இரண்டாகப் பிரிந்தது. விகடன் வாங்குகிற வீடு சூரியன் பக்கம். மோர் வாங்க ஆள் வருவது நின்றது, திண்ணைக்கு விகடன் வருவதும் நின்றது. யாரும் யாரையும் திட்டவில்லை. குனிந்த தலை நிமிராமல் போய்வந்தார்கள், அவ்வளவுதான். அப்பாயி மட்டும் சில வாரம் அந்த வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, "கச்சி ஆரம்பிச்சா கத சொல்லக் கூடாதுன்னு இருக்கா?" என்று கேட்டாள். நான் அதற்குள் படித்த பக்கங்களை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு திரும்பச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்லக் கதை பெருத்தது. என் பாய்ஸ் கம்பெனியில் எம்.ஜி.ஆர். எட்டு வயதிலேயே நாலு ரவுடிகளை அடித்துவிட்டார். சித்தப்பாகூட மறுக்கவில்லை.

1977இல் எம்.ஜி.ஆர். முதலமைச்சரானார். 1982 ஜூலை 1ஆம் தேதி, எங்கள் மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். சின்ன வயதில் தான் கிடந்த பசியைத்தான் அதற்குக் காரணமாகவும் சொன்னார். பொருளாதாரம் தெரிந்தவர்கள் பணம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் மத்தியானச் சோறு அவர் கண்டுபிடித்ததல்ல. 1956லேயே காமராஜர் ஆட்சியில் தொடங்கியது. நானே தா.பழூர் பள்ளிக்கூடத்தில் தட்டோடு வரிசையில் நின்று கோதுமை ரவை உப்புமா தின்றவன். அது ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. எம்.ஜி.ஆர். செய்தது, பள்ளிக்குப் போகாத ரெண்டு வயதுப் பிள்ளை வரைக்கும் அதை இழுத்து விரித்தது, ஊருக்கு ஊர் ஆயா போட்டு அடுப்பு மூட்டியது. அத்தை அந்த வேலைக்கு மனுப்போட்டாள், கிடைக்கவில்லை. அப்பாயிக்குச் செய்தியைச் சொன்னபோது அவளுக்கு வியப்பே இல்லை. "இது எனக்குத் தெரிஞ்சதுதானே" என்பது போல் தலையாட்டிவிட்டுக் கேட்டாள்: "கொழம்புல காய் போடச் சொல்லியிருக்கானா?"

எம்.ஜி.ஆர். இறந்த 87 டிசம்பரை அவள் பார்க்கவில்லை. அதற்கு இரண்டு மழைக்காலம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சித்தப்பாவின் துக்கம் வேறு. 1989 தேர்தலில் சிவாஜி சொந்தக் கட்சி வைத்துத் திருவையாற்றில் நின்றார். கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்தான். சித்தப்பா சைக்கிளிலேயே போய் இரண்டு கூட்டம் கேட்டுவிட்டு வந்தார். சிவாஜி தோற்றார். "அழுவ வச்சவனுக்கு ஓட்டுப் போட மாட்டானுவ" என்று நெடுநாள் புலம்பினார். கட்டபொம்மனுக்குக் கெய்ரோவில் விருது வாங்கியவரைத் தஞ்சாவூர் ஜில்லாக்காரன் தோற்கடித்துவிட்டானே என்று அவருக்குத் தாங்கவில்லை. எனக்கு அதில் பெரிய மர்மம் இல்லை. சிவாஜியிடம் ஜனம் நடிப்பைப் பார்த்தது. எம்.ஜி.ஆரிடம் தன் வீட்டிலிருந்து போய்ப் பிழைத்துக்கொண்ட பிள்ளையைப் பார்த்தது. இரண்டு பேருமே அப்படிப் போன பிள்ளைகள்தான் என்பதை ஒருவர் தன் பசுமையான நாட்களிலேயே வாரப் பத்திரிகையில் சொல்லிவிட்டார். இன்னொருவர் சொன்னது வெளியே வரும்போது அவரே இல்லை.

சிவாஜியின் 'எனது சுயசரிதை' 2001இல் அவர் மறைந்த பிறகுதான் புத்தகமானது. டி.எஸ். நாராயணசாமி கேள்வி கேட்க, சிவாஜி பதில் சொல்வதாகப் போகும். சித்தப்பாவுக்குக் கண்புரை முற்றியிருந்த சமயம். கும்பகோணத்தில் தேடி வாங்கிக்கொண்டு வந்து, பழைய வேலையை மறுபடி எனக்குக் கொடுத்தார். முதல் பக்கத்திலிருந்தே தகராறு. "யாரு இவரு, நடுவுல நடுவுல கேட்டுக்கிட்டு? எங்காளு பேசுனா மூணு மணி நேரம் பேசுவாரு. வுட்டாத்தானே." கேள்விகளைத் தாண்டிப் படிக்கச் சொன்னார். கேள்வி இல்லாமல் பதில் மொட்டையாக நின்றதும், சரி அதையும் படி என்றார்.

பிறந்த அன்றே தகப்பனைப் போலீஸ் பிடித்துப் போனது, திருச்சி சங்கிலியாண்டபுரத்து வீடு, கட்டபொம்மன் கூத்துப் பார்த்துவிட்டு நடிக்க வேண்டும் என்று பித்துப் பிடித்தது எல்லாம் சித்தப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். எனக்கு முன்னால் அவர் சொல்வார். ஏழெட்டு வயதில் ஊருக்கு வந்த நாடகக் கம்பெனியிடம் போய், தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லிச் சேர்ந்துகொண்ட இடம் வந்தது. அது அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஆத்தாக்காரி உசுரோட இருக்கயிலயா?"

"ஆமா சித்தப்பா."

"அது தெரிஞ்சா அந்தப் பொம்பள என்னா பாடு பட்டிருக்கும்." பல்லில்லாத வாயை மென்றார். "சரி, கம்பெனியில என்னா போட்டானாம் சாப்புட?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். நாராயணசாமி வேறு கேள்விக்குப் போயிருந்தார். சித்தப்பா அவரைத் திட்ட ஆரம்பித்தார்.